வெட்டுவதற்கு முன் பின்தலையையும் காட்டுங்கள்

கொழும்பில் முடிமாற்றுச் சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர்களுக்கும் அந்த நிலையங்களை நடத்துவோருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியவர்களே,

என் தலையின் பின்புறத்தில், ஒரு காதுக்கு மேலிருந்து மறு காதுக்கு மேல் வரை, முடி முளைக்காத கோடு ஒன்று ஓடுகிறது. நடுப்பகுதியில் அது சுண்டுவிரல் அகலத்துக்கு விரிந்திருக்கிறது. கொழும்பில் நல்ல பெயருள்ள ஓரிடத்தில், முறையாகப் படித்த வைத்தியர் ஒருவர் வெட்டித் தைத்தது அது. சத்திரசிகிச்சை தோற்கவில்லை. நெற்றியின் இரு பக்கங்களிலும் நட்ட முடி முளைத்தது; இன்றும் இருக்கிறது. தொற்று ஏற்படவில்லை, தையல் பிரியவில்லை. அந்த நிலையத்தின் கணக்கில் நான் ஒரு வெற்றி. அதனால்தான் இந்த மடலை எழுதுகிறேன். தவறிப்போன சிகிச்சை பற்றி முறையிடுவதற்கு வழிகள் உண்டு. சரியாகவே நடந்து முடிந்த சிகிச்சை விட்டுச்சென்ற தழும்போடு ஒருவன் எப்படி வாழ்கிறான் என்பதை உங்களிடம் யாரும் வந்து சொல்வதில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். முடி வேண்டும் என்று ஆசைப்பட்டதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. இருபத்தைந்து வயதில் முன்தலை வெறுமையாகத் தொடங்கிய ஓர் ஆணைத் திருமணப் பேச்சுக்காலில் எப்படிப் பார்க்கிறார்கள், கல்யாண வீட்டுப் பந்தியில் என்ன பேசுகிறார்கள் என்பது நம் சமூகத்தில் வாழும் எல்லோருக்கும் தெரியும். அந்தப் பார்வையிலிருந்து விடுபட நினைப்பது இயல்பானது. உங்களைத் தேடி வருகிறவர்கள் வீண் பகட்டுக்காக வரவில்லை. அவர்களுடைய வேதனை உண்மையானது, அதைத் தீர்க்கும் திறமை உங்களிடம் இருப்பதும் உண்மை. என் முறைப்பாடு வேறு.

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கணிதம் கற்பிக்கிறேன். என் தொழில் என்னவென்றால், நாளின் பாதியைப் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டியபடி பலகையில் எழுதிக் கழிப்பது. ஆலோசனை அறையில் என்னிடம் நீரிழிவு உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, ஏதாவது மருந்து ஒவ்வாதா என்று கேட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். அது கட்டணம் கட்டும் முறையைப் பற்றிப் பேசும்போது. ஓர் ஆசிரியனுக்கு முன்தலையைவிடப் பின்தலையையே அதிகம் பேர் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்பது அந்த அறையிலிருந்த யாருக்கும் தோன்றவில்லை. இன்று நான் பலகையில் ஒரு சமன்பாட்டை எழுதும்போது என் பின்னால் கிசுகிசுப்பு எழுந்தால், அது சமன்பாட்டைப் பற்றியதா என் தலையைப் பற்றியதா என்று மனம் ஒரு கணம் நின்று யோசிக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருவன் எழுந்து, "சேர், தலையில் யார் வெட்டினது?" என்று நேராகவே கேட்டான். அவனில் பிழையில்லை. பிள்ளைகள் கண்டதைக் கேட்பார்கள்.

இந்தத் தழும்பை மறைத்து வைப்பது ஒரு வேலை. உங்களில் பலருக்கு அந்த வேலையின் விபரம் தெரியாது என்று நினைக்கிறேன், ஆகவே சொல்கிறேன். சலூனில் முடிவெட்டும் இயந்திரத்தில் மாட்டும் சீப்புகளுக்கு இலக்கம் உண்டு. இலக்கம் 1 போட்டால் 3 மில்லிமீற்றர் முடி மிஞ்சும், 2 போட்டால் 6, 4 போட்டால் ஏறக்குறைய 13. எனக்கு 4 போட்டாலே கோடு தெரிகிறது. ஆகவே பின்தலையில் இயந்திரமே படாமல் கத்தரிக்கோலால் வெட்ட வேண்டும். புதிதாக வேலைக்கு வந்த பையன் ஒருவன் பழக்கத்தில் கழுத்திலிருந்து இயந்திரத்தை மேலே ஏற்றிவிட்டால், அடுத்த சில வாரங்கள் வெளியே போவதே பாரமாகிவிடும். நீளமாக வளர்த்துவிட்டாலும் முழுதாகத் தப்ப முடியாது. நனைந்த முடி கற்றை கற்றையாகப் பிரிந்து இடைவெளியைக் காட்டிக்கொடுக்கும். கொழும்பின் புழுக்கத்தில் வியர்வையே அதைச் செய்துவிடும். தலைக்கவசத்தைக் கழற்றினால் முடி படிந்து கோடு எழும்பும். வெள்ளவத்தை புகையிரத நிலையத்தில் கடல்காற்று பின்னாலிருந்து அடிக்கும்போது கை தன்னாலேயே பின்தலைக்குப் போகிறது. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால் கடைசி வரிசையில் இடம் இருக்கிறதா என்று பார்க்கிறேன், எனக்குப் பின்னால் யாரும் உட்காராத இடம் அதுதான். காலையில் வீட்டைவிட்டு இறங்கும் முன் என் மனைவி பின்தலையைப் பார்த்து முடியைச் சரிசெய்துவிடுகிறாள். திருமணமான நாளிலிருந்து அது அவளுடைய கடமைகளில் ஒன்றாகிவிட்டது.

அதோடு உடம்புக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பின்தலையின் தோலுக்கு உணர்வு தரும் நரம்புகள் அந்த வெட்டு போகும் பாதையில்தான் மேலே ஏறுகின்றன. சத்திரசிகிச்சைக்குப் பின் கோட்டுக்கு மேலே உச்சி வரைக்கும் எனக்கு மரத்துப்போயிருந்தது. பெரும்பகுதி திரும்பி வந்தது. ஒரு பகுதி இன்னும் வரவில்லை. வெயில் காலத்தில் தழும்பு அரிக்கும். சொறிந்தால் அரிப்பு அடங்குவதில்லை, ஏனென்றால் சொறிகிற இடத்தில் உணர்வு குறைவு.

இதையெல்லாம் எனக்கு முன்கூட்டிச் சொன்னார்களா? தழும்பைப் பற்றி நான் கேட்டேன். பென்சிலால் கீறியது போன்ற மெல்லிய கோடு, மேலே முடி விழுந்து மூடிவிடும் என்று பதில் வந்தது. அதன்பின் படங்களைக் காட்டினார்கள். எல்லாம் நெற்றிகள். முன் ஒரு படம், பின் ஒரு படம். அத்தனை படங்களிலும் ஒரு பின்தலை இல்லை. சம்மதப் படிவத்தில் இரத்தக்கசிவு, தொற்று, வீக்கம் என்று ஏற்படக்கூடிய ஆபத்துகளின் வரிசையில் தழும்பும் ஒரு சொல்லாக இருந்தது. தொற்று ஒருவருக்கு வரலாம், இன்னொருவருக்கு வராமல் போகலாம். தழும்பு அப்படிப்பட்டதில்லை. தோலை வெட்டி எடுத்த எல்லோருக்கும் தழும்பு வரும். அகலம்தான் ஆளுக்கு ஆள் வேறுபடும். நிச்சயமான விளைவு ஒன்றை அரிதான ஆபத்துகளின் நடுவே வைத்துவிட்டால், வாசிப்பவன் அதையும் அரிதானது என்றே எடுத்துக்கொள்வான். அந்தப் படிவத்தை எழுதியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைத்தான் வாசகர்களுக்காக இங்கே சொல்கிறேன். பட்டை முறையில் பின்தலையிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் முதல் ஒன்றரை சென்ரிமீற்றர் வரை அகலமான தோலை முடியோடு நீளவாக்கில் வெட்டி எடுக்கிறீர்கள். அது 20, 30 சென்ரிமீற்றர் நீளம்கூடப் போகும். அதை உருப்பெருக்கியின் கீழ் வைத்து, ஒன்று முதல் நான்கு முடிகள் கொண்ட சிறு கூறுகளாகப் பிரித்து முன்னால் நடுகிறீர்கள். எடுத்த இடத்தின் இரு விளிம்புகளையும் இழுத்துத் தைக்கிறீர்கள். இழுவை எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்குப் பின்னர் தழும்பு விரியும். பட்டை கழுத்துப் பக்கம் தாழ்ந்து போனால் தலையை அசைக்கும் ஒவ்வொரு முறையும் தசை அதை இழுக்கும். இவை எல்லாவற்றையும் சரியாகச் செய்தாலும் சிலருடைய தோல் விரியும் சுபாவம் உள்ளது. ஒரு விளிம்பின் மேற்தோலைச் சற்றுச் சீவிவிட்டுத் தைத்தால் தழும்பினூடாகவே முடி முளைத்து அதை ஓரளவு மறைக்கும். அந்த நுட்பமும் உங்கள் கையில் இருக்கிறது. தழும்பு முற்றுவதற்கு ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை எடுக்கும். தையல் எடுக்கும் நாளில் எல்லாத் தழும்பும் மெல்லிய கோடுதான். அன்று எடுத்த படத்தை வைத்துக்கொண்டு வாக்குறுதி கொடுக்க முடியாது.

நம்முடைய தோலைப் பற்றியும் பேச வேண்டும். கருமையான தோலில் தடித்த தழும்பும், காயத்தின் எல்லையைத் தாண்டி வளரும் கீலோயிட் என்ற தழும்பும் வரும் வாய்ப்பு வெள்ளைத் தோலைவிட அதிகம் என்பது தோல் மருத்துவம் படித்த எவரும் அறிந்தது. நம் முடி கறுப்பு, தழும்பு வெளிறியது. அந்த வேறுபாடு பொன்னிற முடிக்காரருக்கு இருப்பதைவிட நமக்குப் பளிச்சென்று தெரியும். ஐரோப்பியத் தலைகளின் படங்களைச் சுவரில் மாட்டி வைத்துக்கொண்டு யாழ்ப்பாணத்தானுக்கும் மலையகத்தானுக்கும் அதே விளைவைக் காட்டுவது நேர்மையல்ல.

"அதெல்லாம் பழைய முறை, நாங்கள் இப்போது ஒவ்வொன்றாகத் துளைத்து எடுக்கிறோம், தழும்பே வராது" என்று உங்களில் பலர் சொல்வீர்கள். விளம்பரங்களும் அதையே சொல்கின்றன. எஃப்.யு.இ. எனப்படும் இந்தத் துளைக்கும் முறை மருத்துவ இதழ்களில் விபரிக்கப்பட்டது 2002 இல். நீளமான கோடு இல்லை என்பது உண்மை. இழுவையும் இல்லை, வலியும் குறைவு. எத்தனையோ பேருக்கு அது மேலான வழி. ஆனால் 0.7 முதல் 1 மில்லிமீற்றர் வரை விட்டமுள்ள துளையில் தோலைத் துளைத்தால் அந்த இடத்தில் புள்ளியாகத் தழும்பு விழும். இரண்டாயிரம் எடுத்தால் இரண்டாயிரம் புள்ளிகள். மாநிறத் தோலில் அவை வெள்ளையாகத் தெரியும். அளவுக்கு மீறி எடுத்துவிட்டால் பின்தலை முழுவதுமே ஐதாகி, எந்த நீளத்தில் வெட்டினாலும் மறைக்க முடியாததாகிவிடும். கிராஃப்ட் எனப்படும் முடிக்கூறு ஒன்றுக்கு இவ்வளவு என்று விலை வைக்கும் தொழிலில் கூடுதலாக எடுக்கும் தூண்டுதல் எப்போதும் இருக்கும். தழும்பே வராது என்ற வாக்கை உங்கள் பெயர்ப்பலகைகளிலிருந்து எடுத்துவிடும்படி கேட்கிறேன். வைத்தியர் ஒருவர் உண்மையென்று கையொப்பமிட முடியாத வாக்கியம் அவருடைய விளம்பரத்திலும் இருக்கக்கூடாது.

இந்தத் துறையின் தொடக்கத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1939 இல் ஜப்பானிய வைத்தியர் ஒகுடா சிறு துளைக்கருவியால் முடியுள்ள தோலை எடுத்து நடும் முறையை எழுதியபோது, அவர் முன்னே இருந்தவர்கள் தீக்காயம் போன்றவற்றால் தலையில் தழும்பு விழுந்து முடி இழந்தவர்கள். தழும்புள்ளவனின் துயரத்தைத் துடைக்கப் பிறந்த கலை இது. பின்னர் 1959 இல் நியூயோர்க்கில் ஓரன்ட்ரைக் என்ற வைத்தியர் வெளியிட்ட ஆய்வுதான், பின்தலை முடியை முன்னால் நட்டாலும் அது தன் பழைய குணத்தோடு வளரும் என்பதை நிறுவி, வழுக்கைக்கு இதைப் பயன்படுத்தும் கதவைத் திறந்தது. அந்தக் கதவினூடாக வந்தவன் நான். ஆனால் நட்ட முடிதான் நிலைக்கும். அதற்குப் பின்னால் இருக்கும் சொந்த முடி உதிர்வதை நிறுத்தாது. ஆண்களின் வழுக்கைக்கு நோர்வுட் என்ற வைத்தியர் 1975 இல் செம்மைப்படுத்திய ஏழு படிநிலைகளில் இருபத்தைந்து வயதுக்காரன் எந்தப் படியில் போய் நிற்பான் என்பதை யாரும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஃபினாஸ்டரைட் மாத்திரை அந்த உதிர்வை மெதுவாக்கும். நிறுத்தினால் உதிர்வு தொடரும். பக்கவிளைவால் அதைத் தொடர முடியாதவர்களும் இருக்கிறார்கள். முன்னால் நட்ட முடி ஒரு தீவாக நிற்க, அதன் பின்னால் உச்சி வெறுமையாகிப் போனவர்கள் என்ன செய்வார்கள்? மற்ற வழுக்கைத் தலையர்களுக்கு ஒரு வழி எப்போதும் திறந்திருக்கிறது: எல்லாவற்றையும் மழித்துவிட்டு நிம்மதியாக இருப்பது. எங்களுக்கு அந்த வழியை உங்கள் கத்தி மூடிவிட்டது. முடி தந்தீர்கள் என்பது மட்டும் கணக்கில் இருக்கிறது. மொட்டையடிக்கும் சுதந்திரத்தை எடுத்துக்கொண்டது எந்தக் கணக்கிலும் இல்லை.

நமக்கு மொட்டை என்பது தோற்ற விஷயம் மட்டும் அல்ல. கதிர்காமத்துக்கும் நல்லூருக்கும் நேர்ந்துகொண்டவர்கள் முடியிறக்குகிறார்கள். தாய் தந்தையர் இறந்தால் கொள்ளி வைக்கும் மகன் தலையை மழிக்கிறான். உங்களிடம் வரும் சைவத் தமிழ் இளைஞனின் வாழ்வில் இது வரக்கூடும், பெற்றோர் இருக்கும் எவனுக்கும் வரும் நாள் அது. அந்த நாளைப் பற்றி என்னிடம் யாரும் பேசவில்லை.

அப்பா காலமானபோது நான் மூத்த மகன். பொரளை கனத்தை மயானத்துக்குக் கொண்டுபோவதற்கு முன் வீட்டில் கிரியைகள் நடந்தன. தலையை மழிக்க வந்தவர் பின்பக்கம் வந்ததும் கையை நிறுத்தினார். "தம்பி, இதன்மேல் கத்தி வைக்கலாமா?" என்று மெல்லக் கேட்டார். மழியுங்கள் என்றேன். அதன் பிறகு நான் கும்பிட்டு எழும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பின்னால் நின்றவர்கள் அப்பாவைப் பார்க்கவில்லை. அவருடைய உடல் வீட்டில் இருந்த அந்தக் கடைசி மணித்தியாலங்களில், உறவினர்களின் கண்கள் என் பின்தலையில் இருந்தன, என் மனமும் அங்கேயே இருந்தது. தேவாரம் பாடி முடிந்ததும் முல்லைத்தீவிலிருந்து வந்திருந்த, எனக்கு அதிகம் பழக்கமில்லாத பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய முன்கையில் ஷெல் கிழித்த தழும்பு இருந்தது. என் தோளில் கை வைத்து, "எங்கே பட்டது தம்பி, மாத்தளனிலா?" என்று, போரின் கடைசி மாதங்களில் ஷெல்லடி பட்ட இடத்தின் பெயரைச் சொல்லிக் கேட்டார். முடிக்காகச் செய்த சத்திரசிகிச்சை ஐயா என்று உண்மையைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். கையை எடுக்கவில்லை. சற்று நேரம் கழித்து, அந்தியேட்டிக் கிரியை கீரிமலையிலா இங்கேயா என்று விசாரித்தார். அவருடைய பரிவு எனக்கு உரியதல்ல என்ற எண்ணம் இன்றுவரை என்னை விட்டுப் போகவில்லை.

இங்கே நான் சற்று நின்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு, ஏனென்றால் வேறு நாட்டுப் பாடநூல்களில் இது இருக்காது. இந்த நாட்டில் தமிழ் ஆணின் உடலில் உள்ள தழும்பை மற்றவர்கள் வாசிக்கிறார்கள். போர்க்காலத்தில் சோதனைச் சாவடிகளில் தழும்பு சந்தேகத்துக்குக் காரணமானது; சட்டையைக் கழற்றச் சொல்லித் தேடினார்கள். 2007 இல் பிரித்தானியப் புகலிடத் தீர்ப்பாயம், கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்படும் தமிழர்களுக்கு இருக்கும் ஆபத்தை ஆராய்ந்து தந்த வழிகாட்டித் தீர்ப்பில், கணக்கில் எடுக்க வேண்டிய காரணிகளுள் ஒன்றாக உடலிலுள்ள தழும்புகளையும் எழுதியது. போர் முடிந்த 2009 க்குப் பின் பிறந்த பிள்ளைகள் இன்று என் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய பெற்றோர் அந்தக் காலத்தை மறக்கவில்லை. மொட்டைத் தலையோடு நான் ஆட்டோவில் ஏறினால் கண்ணாடியில் என்னைப் பார்க்கும் ஓட்டுநர், அவர் எந்த இனத்தவராயினும், தமக்குள் ஒரு கதையை எழுதிக்கொள்கிறார். போரில் உண்மையாகவே காயப்பட்டவர்கள் தங்கள் தழும்புக்குக் கொடுத்த விலை வேறு. அவர்களுடைய வரிசையில் நான் தவறுதலாக நிற்பது அவர்களுக்கும் எனக்கும் நல்லதல்ல. ஒரு தமிழ் இளைஞனின் பின்தலையில் நீங்கள் நீளமாக வெட்டும்போது இந்தச் சுமையும் அவன்மேல் ஏறுகிறது. வெட்டுகிறவர் இதை அறிந்திருக்க வேண்டும்.

2015 இல் பிரித்தானிய உச்ச நீதிமன்றம் மொன்ட்கோமரி வழக்கில் சம்மதம் பற்றி ஒரு நெறியை வகுத்தது. எதைச் சொல்ல வேண்டும் என்பதை வைத்தியர் எதை முக்கியமாகக் கருதுகிறார் என்று பார்த்துத் தீர்மானிக்க முடியாது. அந்த நோயாளியின் நிலையில் இருக்கும் நியாயமான ஒருவர் எதை முக்கியமாகக் கருதுவார் என்று பார்க்க வேண்டும். அந்தத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் பட்டப்பின் பயிற்சிக்காக உங்களில் எத்தனையோ பேர் அந்த நாட்டு வைத்தியசாலைகளுக்குப் போய் வருகிறீர்கள். அங்கே ஒரு நோயாளிக்கு உரியதென்று கற்றுக்கொண்ட மரியாதை வெள்ளவத்தையிலிருந்தும் கொட்டாஞ்சேனையிலிருந்தும் வருகிறவனுக்கும் உரியதுதானே?

இப்போது எழுதத் தூண்டியது என் கதை மட்டுமல்ல. என்னிடம் படித்த இளைஞன் ஒருவன், வயது இருபத்து மூன்று, சென்ற மாதம் ஒரு நிலையத்தின் காகிதங்களைக் கொண்டுவந்து என்னிடம் கொடுத்தான். என் தலையைப் பற்றி அவனுக்குத் தெரியும். அதனால்தான் என்னிடம் வந்தான். ஆங்கிலத்தில் நெருக்கமாக அச்சடித்த படிவம். அவனுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியும். ஆனால் கையொப்பமிடும் அளவுக்கு அதன் பொருள் பிடிபடவில்லை. தமிழும் அரசகரும மொழி என்று 1987 இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தம் சொல்லிவிட்டது. உங்கள் விளம்பரங்கள் தமிழில் அழகாக வருகின்றன, முகநூலில் கட்டண விபரமும் தமிழில் இருக்கிறது. சம்மதம் கேட்கும் தாள் மட்டும் ஏன் ஆங்கிலத்தில் இருக்கிறது? தழும்பு பற்றி அதில் என்ன இருக்கிறது என்று தேடினேன். என் படிவத்தில் இருந்த அதே இடத்தில், அதே ஒரு சொல். இத்தனை ஆண்டுகளில் தொழில்நுட்பம் மாறியிருக்கிறது, அந்தத் தாள் மாறவில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை கடினமானவை அல்ல. நெற்றிகளின் படங்களோடு பின்தலைகளின் படங்களையும் வையுங்கள். உங்கள் சொந்த நோயாளிகளின் தலைகள், நம் நிறத் தோல், இலக்கம் 2 இல் வெட்டியவை, நனைந்தவை, சிகிச்சை முடிந்து ஓராண்டுக்குப் பின் எடுத்தவை. நன்றாக ஆறியதையும் மோசமாக விரிந்ததையும் சேர்த்தே காட்டுங்கள். விறைப்பூசி போடும் நாளுக்கு முன்னதாக, ஆலோசனைக்கு வந்த நாளிலேயே, கோடு எங்கே ஓடும் என்று பேனாவால் அவன் தலையில் வரைந்து இரண்டு கண்ணாடிகளை வைத்து அவனுக்கே காட்டுங்கள். அதோடு வீட்டுக்குப் போகட்டும், இரண்டு கிழமைகள் கழித்து வரட்டும். முற்பணத்தை அதன் பிறகு வாங்குங்கள். என்ன தொழில் செய்கிறாய், முடியை எவ்வளவு கட்டையாக வெட்டுவாய், வாழ்வில் எப்போதாவது தலையை மழிக்க வேண்டிவருமா என்ற மூன்று கேள்விகளையும் இரத்த அழுத்தத்தைக் கேட்கும் அதே தாளில் சேருங்கள். உடலில் வேறெங்காவது தடித்த தழும்பு இருக்கிறதா என்று, தடுப்பூசி போட்ட தோளையும் காது குத்திய இடத்தையும் உண்மையாகவே பாருங்கள். இருபத்தைந்துக்குக் கீழே உள்ளவனை முதலில் மருந்தோடு காத்திருக்கச் சொல்லும் துணிவு உங்களுக்கு வேண்டும். அந்த ஆள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவான் என்ற பயம் எனக்குப் புரிகிறது. அதனால்தான் இதை ஒருவருக்கு எழுதாமல் எல்லோருக்கும் எழுதுகிறேன். எல்லோரும் ஒரே நடைமுறைக்கு வந்தால் போக வேறிடம் இருக்காது. துளைப்பதும் வெட்டுவதும் யாருடைய கை என்பதையும் படிவத்தில் எழுதுங்கள். வைத்தியரைப் பார்த்து நம்பி வந்தவனின் தலையைப் பதிவில்லாத உதவியாளர் ஒருவர் துளைப்பது ஏமாற்று.

2006 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்படி தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். வைத்தியர்களின் பதிவை இலங்கை மருத்துவ சபை வைத்திருக்கிறது. பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்குவது நல்லது. ஆனால் பின்தலைப் படம் ஒன்றைக் காட்டச் சொல்லும் சட்டத்துக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை உங்களுக்கு இல்லை. நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

சத்திரசிகிச்சைக்குப் பிந்திய காலத்தைப் பற்றியும் கொஞ்சம். தையல் எடுத்த பிறகு எங்களை ஒரேயடியாக அனுப்பிவிடாதீர்கள். தழும்பு விரிவதும் தடிப்பதும் அதற்குப் பின்னர்தான். ஆரம்பத்திலேயே பார்த்தால் சிலிக்கோன் களிம்பும், தடித்தால் ட்ரையம்சினலோன் ஊசியும் உதவும். விரிந்துவிட்ட தழும்பை மீண்டும் வெட்டித் தைக்கலாம், அது மறுபடி விரியவும் கூடும். தழும்புக்குள் முடி நடலாம். ஆனால் அங்கே இரத்த ஓட்டம் குறைவு, நட்டதெல்லாம் பிடிப்பதில்லை. மையால் புள்ளி குத்தி முடி போலத் தோன்றச் செய்யலாம். அதுவும் மங்கும், திரும்பக் குத்த வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மீண்டும் பணம். சர்வதேச முடிமீட்புச் சத்திரசிகிச்சைச் சங்கம் நவம்பர் 11 ஆம் நாளைத் திருத்தச் சிகிச்சைக்கான நாளாகக் கடைப்பிடிக்கிறது. தகுதியற்றோரிடம் போய்த் தலை சிதைந்தவர்களுக்கு அச்சங்கத்து வைத்தியர்கள் சிலர் அப்போது இலவசமாகச் சிகிச்சை செய்கிறார்கள். கொழும்பிலும் அப்படி ஒரு நாளை நீங்கள் ஒதுக்க முடியும். தகுதியானவர்களிடமே போய்த் தழும்போடு திரும்பியவர்களையும் அன்று பாருங்கள். கூச்சத்தால் இதுவரை வாய் திறக்காதவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது அப்போது உங்களுக்கே தெரியவரும்.

பின்தலைப் படம் தர எந்த நோயாளியும் சம்மதிக்கமாட்டான் என்று நீங்கள் சொல்லக்கூடும். நான் சம்மதிக்கிறேன். இலக்கம் 2 இல் வெட்டி, உலர்ந்தும் நனைந்தும், நல்ல வெளிச்சத்தில் என் பின்தலையைப் படமெடுத்து இந்த மடலோடு பத்திரிகை ஆசிரியரிடம் கொடுத்திருக்கிறேன். முகம் தெரியாது. வெட்டியவர் பெயரும் இடமும் இல்லை, அவற்றைச் சேர்க்கவும் வேண்டாம். வேண்டுகிற நிலையம் எதுவானாலும் கட்டணமின்றி வாங்கி ஆலோசனை அறையில் வைக்கலாம். ஒரே நிபந்தனை, பணம் பேசுவதற்கு முன் அது நோயாளியின் கைக்குப் போக வேண்டும். என் மாணவனுக்கு அடுத்த மாதம் உங்களில் ஒருவரிடம் நாள் குறிக்கப்பட்டிருக்கிறது. அந்தப் படத்தின் ஒரு பிரதி ஏற்கெனவே அவனிடம் இருக்கிறது. மேலே சொன்ன கேள்விகளைத் தமிழில் எழுதிக்கொண்டு வருவான், பதிலையும் தமிழில் எழுதிக் கையொப்பமிட்டுத் தரும்படி கேட்பான். தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06